பாதிப் பெயர்

2001ஆம் ஆண்டு. ஆய்வேட்டை ஒப்படைக்க நான்கு நாட்களே இருந்தன. மூன்று இயல்களையும் சுமந்திருந்த என் லினக்ஸ் கணினி, கறுப்புத் திரையில் இரண்டே எழுத்துகளைக் காட்டிவிட்டு உறைந்து நின்றது.

அதைத் துயிலெழுப்பும் நிரலின் பெயர் லிலோ. எழுப்பும்போது தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக அச்சிடும். ஒவ்வோர் எழுத்தும் ஒரு படி கடந்ததற்குச் சான்று. அன்று பாதிப் பெயரோடு நின்றது. கெர்னல் எழவில்லை, அதன்பின் முதல் செயலாக, எண் 1 பெற்று வரவேண்டிய இனிட்டுக்கு முறையே வரவில்லை.

பிழை என்னுடையது. துவக்கக் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைத்துவிட்டுப் பழையவற்றை நீக்கியிருந்தேன். லிலோவுக்குக் கோப்பு முறைமையை வாசிக்கத் தெரியாது. வட்டில் கோப்புகள் கிடக்கும் இட எண்களை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கும். இடம் மாறினால் மறுபடி சொல்லித்தர வேண்டும். விடுதி நண்பர் ஃப்ளாப்பியிலிருந்து கணினியை எழுப்பி, அதைச் சொல்லித்தந்தார். இயல்கள் பத்திரமாக இருந்தன.

பின்பு நான் மாறிய கிரப்புக்கு வாசிக்கவே தெரிந்திருந்தது. லிலோவின் வளர்ச்சி 2015 டிசம்பரோடு நின்றது.

வினாவைச் சற்று மாற்றிக் கேட்டதும் இரண்டு வரியோடு நின்றுவிடும் விடைத்தாள்களை இன்றும் திருத்துகிறேன். முன்போல் சினம் வருவதில்லை. இட எண்களை மட்டும் சொல்லித்தந்தவன் நான்தானே என்ற கூச்சம்தான் வருகிறது.