புதுச்சேரிக் கடலில் ஒரு புத்தாண்டு இரவு

சனிக்கிழமை விடிந்தால் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கன்னடம் காதில் விழுகிறது. பெங்களூருவில் முதல்நாள் இரவு பஸ் ஏறி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி வழியாகச் சுமார் 300 கிலோமீட்டர் கடந்து வந்திறங்கும் கூட்டம். காந்தி சிலை முன்னால் படம் எடுத்துக்கொண்டு காபி தேடிப் போய்விடுகிறது. சிலைக்குப் பின்னால் அமைதியாகப் புரளும் கடல், 1761 புத்தாண்டையொட்டிய ஓர் இரவில் சுமார் 1,100 பேரை விழுங்கிய கடல்.

பெங்களூருக்கும் அந்தக் கதையில் பங்கு உண்டு. 1760இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது பிரெஞ்சுத் தளபதி லாலி மைசூரின் ஹைதர் அலியிடம் உதவி கேட்டார். படையும் தானியமும் வந்தன. ஆனால் ஆகஸ்டில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காண்டே ராவ் செய்த சதியால் ஹைதரே பெங்களூருக்குத் தப்பியோட நேர்ந்தது. படையைத் திரும்ப அழைத்துக்கொண்டார். நிலத்தில் ஐர் கூட், கடலில் அட்மிரல் ஸ்டீவன்ஸ், நகருக்குள் பசி.

அன்று இங்கே கப்பல் ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்க வேண்டியதுதான். புயல் வந்தால் இரண்டே வழி: வடத்தை நம்பி நிற்பது, அல்லது வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓடுவது.

இரவில் வடமேற்கிலிருந்து காற்று சீறியது. கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று; ஓடுவதற்கு அதுவே தருணம். ஸ்டீவன்ஸ் தன் நார்ஃபோக் கப்பலின் வடத்தை வெட்டச் சொன்னார். மற்றவர்களுக்கும் அடையாளமாகப் பீரங்கி முழங்கியது. காற்றின் இரைச்சலில் அது யாருக்கும் எட்டவில்லை. உத்தரவுக்குக் காத்து நின்றன மற்றக் கப்பல்கள். கட்டுப்பாடு என்பது சில வேளை கொல்லவும் செய்யும்.

நள்ளிரவில் திடீரென்று அமைதி. வங்கக்கடல் புயல் இடஞ்சுழியாகச் சுழல்வது. அதன் கண் கடந்துபோனதும் காற்று நேர் எதிர்த்திசையில் திரும்பும். இப்போது தென்கிழக்கிலிருந்து, கரையை நோக்கி அறைந்தது. பாய்மரங்களை வெட்டிச் சாய்த்த கப்பல்கள் மொட்டையாகத் தாக்குப்பிடித்தன. நியூகாசில், குயின்பரோ, புரொடெக்டர் மூன்றும் நகருக்குத் தெற்கே கரையில் மோதின. அவற்றில் இருந்தவர்கள் ஏறத்தாழ எல்லோரும் பிழைத்தார்கள். டியூக் ஆஃப் அக்விடைன், சண்டர்லாண்ட், டியூக் ஆகிய மூன்றும் மூழ்கின. மறுநாள் மிதந்த மரத்துண்டுகளிலிருந்து மீட்கப்பட்டவர்கள் ஏழு ஐரோப்பியர், ஏழு லஸ்கர்கள். 1,100 என்பது ஐரோப்பியர் கணக்கு மட்டுமே. உடன் போன இந்திய மாலுமிகள் அதில் சேரவில்லை.

ஆங்கிலேயக் கப்பற்படை ஒழிந்தது என்று லாலி மகிழ்ந்தார், உணவு அனுப்பும்படி பழவேற்காட்டுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. சில நாட்களிலேயே ஸ்டீவன்ஸ் திரும்பி வந்து கடல்வழியை மறித்தார். ஜனவரி 16 அன்று புதுச்சேரி வீழ்ந்தது.

நிற்பதா, ஓடுவதா என்ற கேள்வி பாய்மரத்தோடு போய்விடவில்லை. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில், சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் இழுபட்டுப் பெசன்ட் நகர் அருகே தரைதட்டியது. உயிர்காக்கும் படகில் இறங்கியவர்களில் சிலர் படகு கவிழ்ந்து இறந்தார்கள். கப்பலிலேயே தங்கிவிட்டவர்களை ஹெலிகாப்டர் வந்து மீட்டது.