அப்பா, செபமா? வாட்ஸ்அப்பா?

விக்கிரமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா இரண்டரை வயசுப் பையனோடு வந்தாங்க. "இன்னும் அம்மான்னுகூட சொல்லல டாக்டர்."

சாப்பிட, தூங்க எல்லாத்துக்கும் யூடியூப்தானாம். காது டெஸ்ட்டுக்கும் வளர்ச்சிப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தேன். கூடவே அட்வைஸ்.

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் (ஐஏபி) 2021ல் சொன்னது இதுதான்: 2 வயசு வரை திரையே வேண்டாம், சொந்தக்காரங்களோட எப்பவாவது வீடியோ கால் பேசலாம். 2 முதல் 5 வயசு வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம்.

காரணம் எளிது. குழந்தை ஏதாவது சத்தம் போட்டா அம்மா முகம் பதில் சொல்லும். அப்படித்தான் பேச்சு வரும். போன் பதில் சொல்லாது.

அன்னைக்கு ராத்திரி எங்க வீட்ல செபமாலை. நான் போனைப் பார்த்து செபம் வாசிச்சிட்டிருந்தேன். நடுவுல ஒரு மெசேஜ். எட்டிப் பார்த்தேன்.

7 வயசு மகள் கேட்டா: "அப்பா, செபம் சொல்றீங்களா, வாட்ஸ்அப் பாக்குறீங்களா?"

பதில் இல்லை. போனுக்குள்ள செபம் இருக்கா, அரட்டை இருக்கான்னு குழந்தைக்கு எப்படித் தெரியும்? அப்பாவோட குனிஞ்ச தலை மட்டும்தான் தெரியும்.

மறுநாளே அச்சடிச்ச செபப் புத்தகம் வந்துடுச்சு. செப நேரத்துல போன் பக்கத்து ரூம்ல. அவசரம்னா மணி அடிக்கும், போய் எடுப்பேன். முதல் வாரம் எனக்குத்தான் கை பரபரன்னு இருந்துச்சு.

அந்த அம்மாவுக்கு அட்வைஸ் பண்ண எனக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு. அதைக் கடைப்பிடிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு இப்போதான் புரியுது.

இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்க 13 வயசு ஆகணும். மகளுக்கு இன்னும் 6 வருஷம் இருக்கு. அதுக்குள்ள நான் கத்துக்கணும்.