ஃப்ரிட்ஜுக்குள்ள ஒரு கணக்குப்பிள்ளை

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் மூணு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டல. ஆனா சும்மா இல்ல மக்களே. ஊர்ல எங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்கு ஒரு கணக்குப்பிள்ளையை வேலைக்கு வச்சிருந்தேன். நிமிஷத்துக்கு ஒரு வரி எழுதுவார், தூங்க மாட்டார், சம்பளம் கேக்க மாட்டார். அவரைப் பத்தின பதிவுதான் இது. பொட்டி தட்டுறவங்க மட்டுமில்ல, வீட்டுல இன்சுலின் வாங்கி வச்சிருக்கிற எல்லாருமே படிக்கலாம்.

அம்மாவுக்குப் பத்து வருஷமா சர்க்கரை, ரெண்டு வருஷமா இன்சுலின். கொஞ்ச நாளா மருந்தோட அளவு ஏறிக்கிட்டே போச்சு, சர்க்கரை மட்டும் இறங்கக் காணோம். சாப்பாட்டுல ஏதோ திருட்டுத்தனம் நடக்குதுன்னு அப்பாவுக்குச் சந்தேகம். "ஒங்கப்பா சொல்றத நம்பாதய்யா, நான் அதிரசத்தத் தொட்டே ஒரு வருசமாச்சு"ன்னு அம்மா. எனக்கு என்னமோ கரண்ட் மேலதான் சந்தேகம். எங்க ஊர் கோவில்பட்டிப் பக்கம். பராமரிப்புன்னு காலைல நிறுத்தினா சாயங்காலம்தான் வரும். திறக்காத இன்சுலினை 2 டிகிரியில இருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும்னு பெட்டியிலேயே போட்டிருக்கு. அந்த வெயில்ல, கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜுக்குள்ள எத்தனை டிகிரி இருக்கும்? யாருக்குத் தெரியும்! கதவைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்த்தா, திறந்ததுலேயே சூடு மாறிடும். அதுவும் அந்த ஒரு நிமிஷத்துக் கணக்குதானே. ராத்திரி மூணு மணிக்கு யாரு எழுந்து போய்ப் பாக்குறது?

சரி, மேட்டருக்கு வருவோம். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு நடை போனதுல எல்லாமே கிடைச்சது. ஆர்டுயினோ நானோ ஒண்ணு, மைக்ரோ எஸ்.டி. கார்டு மாட்யூல் ஒண்ணு, டி.எஸ்.3231 கடிகாரம் ஒண்ணு, ஸ்டீல் குழாய்க்குள்ள அடைச்ச டி.எஸ்.18பி20 வெப்ப சென்சார் ஒண்ணு. ஏன் வைஃபை வச்சு கிளவுட்ல போடலன்னு கேப்பீங்க. கரண்ட் போனா எங்க ஊர்ல நெட்டும் சேர்ந்து போகும். எந்த நேரத்துக் கணக்கு வேணுமோ அந்த நேரத்துல ஆள் இருக்க மாட்டார். மெமரி கார்டுன்னா யார் தயவும் வேண்டாம்.

இந்தக் கார்டு மாட்யூல்தான் நிறைய பேரை அழவைக்கிற ஆளு. எஸ்.டி. கார்டு 3.3 வோல்ட் பிராணி. நானோவோ 5 வோல்ட்ல பேசும். நேரா வயரைக் கொடுத்தா கார்டு பரலோகம் போகலாம். அதனால மாட்யூலை வாங்கும்போதே திருப்பிப் பாருங்க. மூணு கால் ரெகுலேட்டர் ஒண்ணும், வோல்டேஜை இறக்கிக் கொடுக்கிற குட்டி சிப் ஒண்ணும் இருக்கணும். அது ரெண்டும் இருந்தா மாட்யூலுக்கு 5 வோல்ட்தான் கொடுக்கணும். 'கார்டு 3.3 தானே'ன்னு புத்திசாலித்தனமா 3.3 கொடுத்தா, ரெகுலேட்டர் தன் பங்கை எடுத்துக்கிட்டு கார்டுக்குக் குறைச்சுத்தான் அனுப்பும். அப்புறம் எழுதும்போது மட்டும் மக்கர் பண்ணும். ஏன்னா, படிக்கிறதை விட எழுதும்போதுதான் கார்டு கரண்ட்டை இழுக்கும், 100 மில்லி ஆம்பியர் வரைக்கும் கூடப் போகும்.

வயரிங் சின்ன வேலை. எஸ்.பி.ஐ. பாதை, நாலே கம்பி. சி.எஸ். 10, மோசி 11, மிசோ 12, கிளாக் 13. கடிகாரம் ஏ4, ஏ5-ல. சென்சாருக்கு ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர். இன்னொண்ணு, விலை குறைஞ்ச மாட்யூல்கள்ல மிசோ கம்பியை எப்பவுமே தன் கையிலேயே பிடிச்சு வச்சுக்கிற ரகம் உண்டு. அதே பாதையில வேற எஸ்.பி.ஐ. சாமான் எதையாவது சேர்த்தா அதைப் பேசவே விடாது. அதுக்காகத்தான் மத்த எல்லாத்தையும் வேற பாதையில வச்சேன்.

கார்டு 32 ஜி.பி.க்கு மேல வேண்டாம். 64 ஜி.பி. கார்டெல்லாம் எக்ஸ்ஃபேட் வடிவத்துல வரும், ஆர்டுயினோவோட எஸ்.டி. லைப்ரரிக்கு ஃபேட்16, ஃபேட்32 மட்டும்தான் புரியும். நிமிஷத்துக்கு ஒரு வரின்னா ஒரு நாளைக்கு 1440 வரி, 40 கிலோபைட் கூட தேறாது. வருஷம் முழுக்க எழுதினாலும் 15 எம்.பி.தான். பழைய செல்போன்ல கிடந்த 2 ஜி.பி. கார்டே நம்ம பேரன் காலம் வரை தாங்கும் :-) ஃபைல் பேரு எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது, புள்ளிக்கு அப்புறம் மூணு. டாஸ் காலத்துப் பழக்கம், இன்னும் விடல.

எழுதுற விதம்தான் இதுல உயிர்நாடி. நீங்க எழுதச் சொன்னதும் வரி கார்டுக்குப் போயிடாது. 512 பைட் அளவுல ஒரு தொட்டி, அதுல சேரும். நானோவுல மொத்த ராமே 2048 பைட்தான், அதுல கால்வாசியை இந்தத் தொட்டியே முழுங்கிடும். நடுவுல கரண்ட் போனா தொட்டியில இருந்தது போச்சு. கூடவே, ஃபைலோட நீளத்தையும் கார்டுல மாத்தி எழுதியிருக்காது. பத்து நாள் ஓடின ஃபைலைத் திறந்தா பூஜ்யம் பைட்டுன்னு பல்லை இளிக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஃப்ளஷ் கொடுத்துட்டா இந்த வம்பே இல்ல. நிமிஷத்துக்கு ஒண்ணுங்கிறதால கார்டுக்கும் பெரிய தேய்மானம் கிடையாது.

பவருக்கு செல்போன் சார்ஜர். வீட்டுல இன்வெர்ட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான், ஃப்ரிட்ஜ் அதுல இல்ல. அந்த இன்வெர்ட்டர் லைன்ல சார்ஜரைச் சொருகிட்டா கரண்ட் இல்லாதப்பவும் கணக்குப்பிள்ளை வேலை பார்ப்பார். பவர் பேங்க்கை நம்பாதீங்க. இவர் இழுக்கிற துளியூண்டு கரண்ட்டைப் பார்த்து 'யாருமே இல்லபோல'ன்னு பல பவர் பேங்க் தானா அணைஞ்சுடும்.

சென்சாரை அப்படியே காத்துல தொங்கவிட்டா, தயிர் எடுக்கக் கதவைத் திறந்தாலே எகிறும். மருந்து அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. தடுப்பூசி வைக்கிற குளிர்பெட்டிகள்ல சென்சாரை மணல், கண்ணாடி மணின்னு எதுக்குள்ளயாவது புதைச்சு வைப்பாங்க. நானும் ஒரு சின்ன பாட்டில்ல காஞ்ச மணலைப் போட்டு, அதுக்குள்ள சொருகி, இன்சுலின் பெட்டிக்குப் பக்கத்துலயே வச்சேன். "ஏய்யா, என்னத்த வயரெல்லாம் தொங்குது, ஷாக் அடிச்சிராதா?" "5 வோல்ட்தான்ம்மா, ஒண்ணும் பண்ணாது." அம்மா முகத்துல நம்பிக்கையே இல்ல.

மூணு வாரம் கழிச்சுப் போய் கார்டை உருவிப் பார்த்தேன். அந்த மூணு வாரத்துல பராமரிப்பு நாளும் ஒண்ணு வந்திருந்தது. காலை 9 மணிக்கு நின்ன கரண்ட் 4 மணிக்கு வந்திருக்கு, அதிகபட்சம் 10.5 டிகிரி. எட்டைத் தாண்டினது மூணு மணி நேரம். நான் பயந்த அளவுக்கு இல்ல. ஆனா தினமும் விடியக்காலம் 2 மணியில இருந்து 5 மணி வரை கோடு பூஜ்யத்துக்குக் கீழ! ஒரு நாள் மைனஸ் 2.1. ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கிற தட்டு அது. ஜில்லுன்னு இருக்கும்னு அம்மா அங்கதான் வைப்பாங்க. வெயில் காலத்துல குமிழை உச்சத்துல திருப்பி வச்சது அப்படியே இருந்தது. ராத்திரியில கதவை யாரும் திறக்கிறதில்ல, வோல்டேஜும் நல்லா வரும். அதனாலதான் அப்படி உறையுதுன்னு என் கணிப்பு.

இன்சுலினுக்குச் சூட்டை விட உறையுறதுதான் ஆகாது. ஒரு தடவை உறைஞ்சா, உருகினதுக்கு அப்புறமும் பயன்படுத்தக் கூடாது. காலைல எடுத்துப் பார்த்தா கண்ணுக்கு ஒண்ணும் தெரியாமலே போகலாம்.

அன்னிக்கே புது மருந்து வாங்கிப் போட்டிருப்பேன். அப்பாதான் "டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ"ன்னார். அந்த வரைபடத்தை அச்செடுத்துக்கிட்டு அம்மாவோட போனேன். டாக்டர் ரெண்டு நிமிஷம் பேசாம பார்த்துட்டு, "புது மருந்தை இதே அளவுல போட்றாதீங்கம்மா"ன்னார். வீரியம் குறைஞ்ச மருந்துக்காக ஏத்தின அளவாம் இது. நல்ல மருந்தை அதே அளவுல போட்டா சர்க்கரை தடால்னு இறங்கி மயக்கமே வந்துடும்னார். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அளவைக் குறைச்சுக் கொடுத்து, பத்து நாளைக்கு தினமும் நாலு வேளை சர்க்கரை பார்த்து எழுதச் சொன்னார்.

இப்போ மருந்து நடுத்தட்டுல, பின்சுவரை ஒட்டாம. குமிழும் மூணுல. ஒரு மாசமா கோடு 3-க்கும் 7-க்கும் நடுவுலதான் ஓடுது. அதிரச விஷயத்துல அப்பா இன்னும் அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கல.

நிரல் வேணுங்கிறவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க, தட்டிவிடுறேன். கணக்குல எங்கயாவது 85 டிகிரின்னு வந்தா பதறாதீங்க, ஃப்ரிட்ஜ் தீப்பிடிக்கல. சென்சார் இப்பத்தான் கண் முழிக்குது, இன்னும் அளக்கலன்னு அர்த்தம். மைனஸ் 127-ன்னா வயர் கழண்டிருக்கு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. மருந்தோட அளவை அவங்களைக் கேட்டு மட்டும் மாத்துங்க.