ஓசிப் படகும் கண்ணாடிக் குதிரையும்

வெனிஸ் ஓட்டல்களில் 'முரானோ தீவுக்கு இலவசப் படகு ஸார்!' என்று ஆசை காட்டுவார்கள். ஏறாதீர்கள். ஓசிப் படகு நேரே ஒரு கண்ணாடிப் பட்டறை வாசலில்தான் இறக்கிவிடும். ஃபோந்தமெந்தே நோவே துறையில் டிக்கெட் வாங்கி ஏறினால் பத்தே நிமிஷம், இஷ்டப்படி சுற்றலாம்.

தீ விபத்துக்குப் பயந்து 1291-ல் வெனிஸ் அரசு கண்ணாடி உலைகளை இந்தத் தீவுக்குத் துரத்தியது. இன்றும் உலை எரிகிறது. 'மேஸ்ட்ரோ' (நம்மூர் மேஸ்திரிக்கு ஒன்றுவிட்ட சகோதரர்!) பழுக்கக் காய்ந்த கண்ணாடிக் குழம்பை இடுக்கியால் நாலு இழு இழுக்கிறார். கால், பிடரி, வால்... குதிரை ரெடி! நாம் வாய் பிளந்து நிற்கும்போதே சேல்ஸ்மேன் ஷோரூமுக்குத் தள்ளிக்கொண்டு போய், 'உங்களுக்கு மட்டும் பாதி விலை' என்பார். முழு விலையை யார் கண்டது?

வெனிஸ் சந்துக் கடைகளில் அதே குதிரை கொள்ளை மலிவு. பல, சீனச் சரக்கு. அச்சு அசலாகப் பத்துக் குதிரை வரிசையில் நின்றாலோ, வயிற்றில் அச்சுக் கோடு தெரிந்தாலோ நகர்ந்துவிடுங்கள். அதில் ஒன்று விற்றால் நஷ்டம் உலைக்கு முன்னால் வேகிற மேஸ்திரிக்குத்தான். 'முரானோ ஸ்டைல்' என்ற சீட்டும் அந்த ஜாதியே. 1994 சட்டப்படி வந்த 'வெத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ' முத்திரையைத் தேடுங்கள். அது இல்லாத நல்ல பட்டறைகளும் உண்டு. அங்கே செய்தவர் பெயரோடு பில் கேளுங்கள். கடைக்காரர் முனகினால் குதிரையைக் கீழே வைத்துவிடுங்கள். மெதுவாக! உடைந்தால் மட்டும் தள்ளுபடி கிடையாது.