மேல்விலாசமுள்ள மருந்து

எம் அத்தையாருக்குப் புற்றுநோய் கண்டு மருந்தேற்றியபொழுது, நோயினும் மருந்தே அவரை அதிகமாய் வாட்டிற்று. தலைமயிர் கொத்துக் கொத்தாய் உதிர்ந்தது. கஞ்சியும் வயிற்றில் தங்கவில்லை. "நோய் இருக்கும் இடம் இம்மருந்துக்குத் தெரியாதா, அப்பா?" என்று ஒருநாள் வினவினார். இரசாயனம் பயின்ற யாம் விடையின்றி நின்றோம்.

அவ்வினாவே எம்மைப் பாலிமர்களைப் பற்றிய நூல்களிற் புகுத்திற்று. நோயணுவினுள் மரபணுவைச் செலுத்திக் குணப்படுத்தலாமெனின், தனித்துச் செல்லும் மரபணு இரத்தத்திலேயே சிதைந்துபோம். அஃது எதிர்மின் உடையது. அணுவின் புறமும் அத்தகையதே. 1995ஆம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்து அறிஞர் சிலர், பாலிஎத்திலீனிமின் என்னும் நேர்மின் பாலிமரால் அதனைச் சுருட்டிப் பொதிந்து அணுவினுட் செலுத்திக் காட்டினர். காகிதத் தொழிலில் வழங்கிய பொருளாம் அது! ஆயினும் நல்லணு தீயணு என்னும் பேதம் அதற்கில்லை. அளவு மிகின் அணுவையே கொல்லும். அத்தையாரின் வினா அவ்வாறே நின்றது.

நிற்க. கலிபோர்னியாவில் மார்க் டேவிஸ் என்பாரும் அவர் குழுவினரும், சர்க்கரை வளையங்கள் கோத்த வேறொரு பாலிமரின்மேல், இரும்பைச் சுமக்கும் திரான்ஸ்பெரின் என்னும் புரதத்தை ஒட்டினர். புற்றணுக்கள் பல இரும்பை மிக விரும்புவன; ஆதலின் அப்புரதமே மேல்விலாசமாயிற்று. உள்ளே வைத்தது முழு மரபணுவன்று. ஒரு மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ. துண்டே. நோயாளர் சிலரின் கட்டிக்குள்ளேயே அத்துகள்கள் காணப்பட்டன என்று 2010இல் எழுதினர்.

இதைக் கேட்ட அத்தையார், புதிதாய் முளைத்த மயிரைத் தடவிக்கொண்டே, "விலாசம் எழுதக் கற்றுவிட்டார்களா!" என்றார். அம்மருந்து சோதனையைக் கடந்து வைத்தியசாலைக்கு வரவேயில்லை என்பதைச் சொல்ல எமக்கு மனம் எழவில்லை.