டிஸ்டார்ஷன் இல்லாமல் ராக்கா?

ராஜா பாட்டில் ராக் இருக்கா இல்லையா என்கிற சண்டை இங்கே நியூஜெர்சி தமிழ் வீடுகளில் சாம்பார் ஆறும்வரை நடக்கும். போன மாதம் எங்க வீட்டில் நடந்தது. நண்பர் ஒருவர் பகலில் டேட்டாபேஸ், ராத்திரியில் ராக் விமர்சகர். "டிஸ்டார்ஷன் கிடார் இல்லாம என்ன சார் ராக்? ரகுமான் வர்ற வரைக்கும் தமிழ்ல ராக்கே கிடையாது"ன்னு தீர்ப்பு எழுதிவிட்டுப் பாயசம் கேட்டார்.

வழக்கமா இதையெல்லாம் கண்டுக்க மாட்டேன். இந்தத் தடவை பக்கத்தில் என் பெண் உட்கார்ந்திருந்தாள். பள்ளி பேண்டில் பாஸ் கிடார் வாசிக்கிறாள். பொங்கல் விழாவுக்கு அக்னி நட்சத்திரத்தில் வரும் 'ராஜா ராஜாதி' பாட்டைப் பழகிக்கொண்டிருந்தாள். என் பாட்டு ஒன்றை அவளாகவே எடுத்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் கிடார் பைக்குள் போய்விட்டது. "அங்கிள் சொல்றது கரெக்ட்டாப்பா?"

"அவர் என்ன பெரிய விமர்சகரா, சும்மா பொழுதுபோக்குக்குப் பேசறவர்"னு வீட்டம்மா சொன்னாங்க. இந்தப் பதில் எனக்குப் பிடிக்கலை. ராக் விமர்சனத்தை ஆரம்பித்ததே பொழுதுபோக்கு ஆசாமிகள்தான். 1966ல் பால் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயசுக் கல்லூரிப் பையன் நம்ம ஊர் சைக்ளோஸ்டைல் மாதிரி உருட்டி எடுத்த 'க்ராடாடி'தான் அமெரிக்காவின் முதல் ராக் விமர்சனப் பத்திரிகை. ரோலிங் ஸ்டோன் வந்தது 1967ல். அந்த ரோலிங் ஸ்டோனும் 1969ல் வாசகர்களிடமே விமர்சனம் கேட்டது. லெஸ்டர் பேங்ஸ் என்ற இருபது வயசுப் பையன் எம்சி5 குழுவின் முதல் ஆல்பத்தைக் கிழித்து எழுதி அனுப்பினான், போட்டார்கள். பிற்பாடு அவனுக்கே அந்த ஆல்பம் பிடித்துப்போனது வேறு கதை. அதே பத்திரிகை அதே வருஷம் லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தையும் போட்டுத் தாளித்தது. 2003ல் அவர்களே வெளியிட்ட தலைசிறந்த ஐந்நூறு ஆல்பங்களில் அதற்கு 29ஆவது இடம்!

ஆகவே சம்பளம் வாங்கினாரா இல்லையா என்று பார்த்துப் பிரயோஜனம் இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: எந்தப் பாட்டு, அதில் எந்த இடம்? அதைச் சொல்லிவிட்டுத் திட்டினால் உட்கார்ந்து கேட்பேன். டிஸ்டார்ஷன்தான் ராக் என்றால் எல்விஸின் 1954 முதல் ரெக்கார்டை என்ன செய்வது? அதில் டிஸ்டார்ஷனும் இல்லை, டிரம்ஸே இல்லை. இரண்டு கிடார், பில் பிளாக் அறைந்து அறைந்து வாசித்த ஆளுயர பாஸ், அவ்வளவுதான்.

எனக்கு இந்த 'எந்த இடம்' புத்தி வந்தது சூளூர்பேட்டையில். (நான் படிக்கிறப்போ நெல்லூர் ஜில்லா, 2022லிருந்து திருப்பதி ஜில்லா. இன்னும் சில பேர் எங்களைத் தெலுங்குக்காரங்கன்னுதான் சொல்றாங்க, போகட்டும்.) எங்களுக்கு ஒரே பாட்டு ரெண்டு பாஷையில் வரும். தமிழ் அக்னி நட்சத்திரம் தெலுங்கில் கர்ஷணா. தெலுங்கு கீதாஞ்சலி தமிழில் இதயத்தைத் திருடாதே. வீட்டில் ஒரு கேசட், எதிர்வீட்டில் இன்னொரு கேசட். வார்த்தை முட்டிக்கொள்ளும், அர்த்தம் குழம்பும், ஆனால் அடியில் ஓடும் பாஸும் டிரம்ஸும் ரெண்டிலும் அதேதான். பாடுகிறவரை விட்டுவிட்டு அதைக் கேட்கப் பழகினோம். அதிர்வு என்றால் என்னன்னு தனியா யாரும் சொல்லித்தரவும் வேண்டாம், ஸ்ரீஹரிகோட்டா பக்கத்தில்தானே :-)

'நின்னுக்கோரி வர்ணம்' பாட்டைக் காப்பி என்று சொல்கிறவர்களுக்கும் இதே கேள்விதான். பூச்சி சீனிவாச ஐயங்காரின் தெலுங்கு வர்ணத்திலிருந்து அந்த முதல் வார்த்தையும் மோகன ராகமும் வந்திருக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். கீழே துள்ளுகிற அந்த டிரம்ஸ் எந்த வர்ணத்தில் இருக்கிறது? ரகுமானே சின்ன வயசில் ராஜா குழுவில் கீபோர்டு வாசித்தவர், ரோஜாவுக்கு (1992) முன்னாடி சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்று ராக் பேண்டும் வைத்திருந்தார். இந்த வரலாற்றில் கோடு போட்டு, இந்தப் பக்கம் ராக், அந்தப் பக்கம் இல்லை என்று எப்படிப் பிரிப்பது?

பெண்ணிடம் இவ்வளவும் சொல்லலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பர் வந்தபோது அவளையே கேட்கச் சொன்னேன். "அங்கிள், 'ராஜா ராஜாதி'ல எந்த இடம் உங்களுக்கு ராக் இல்லைன்னு தோணுது?" மனுஷர் யோசித்தார். பாட்டைப் போடச் சொன்னார். மூணு தடவை கேட்டார். "இது ஃபங்க்மா, ராக் இல்லை. ஆனா இந்த பாஸ் சும்மா இல்லை"ன்னார். இது நியாயமான கருத்து, எனக்கே முழுசா மறுக்க முடியலை. கிடார் அன்றைக்கே பையை விட்டு வெளியே வந்தது.

நண்பரும் டிஸ்டார்ஷன் பெடலோடு வந்து கிடார் வாசிக்கிறேன்னு ஒத்துக்கொண்டிருக்கிறார். டிரம்ஸுக்குத்தான் ஆள் இல்லை. எடிசன் பக்கத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்க, சனிக்கிழமை சாயந்திரம் ஒத்திகை, டிபன் எங்க வீட்டில்.