விழுந்த பிறகு எங்கே கட்டுவது?

மிலானில் இருந்து கத்தானியாவுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம்கூடப் பிடிக்காது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு சிசிலியில் இருக்கலாம். ஞாயிறு இரவு திரும்பினால் திங்கள் காலை ஆபீஸ். மகளும் மருமகனும் மிலானில் வேலை பார்க்கிறார்கள். வருடத்தில் சில மாதம் நானும் அவர்களோடு இருப்பேன். சிசிலிக்குக் கிளம்பும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள்.

மருமகன் போடும் திட்டம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். சனி காலை சிரகூசா, மத்தியானம் நோத்தோ, ராத்திரி ரகூசா, ஞாயிறு மோதிகா, நேரம் மிஞ்சினால் எட்னா எரிமலை. "மாப்பிள்ளை, இது கல்யாணப் பத்திரிகை வைக்கிற சுற்று மாதிரி இருக்கு. ரெண்டு நாளுக்கு ஒரு ஊர் போதும்" என்றேன். பொதுவாக மாப்பிள்ளைகள் மாமனார் சொல்வதைக் கேட்பதுபோல் தலையாட்டுவார்கள். இவர் நிஜமாகவே கேட்டார். காரணமும் இருந்தது. சிசிலியின் சின்ன ஊர்களில் மதியம் ஒரு மணி வாக்கில் கடை ஷட்டர்கள் இறங்கிவிடும், தேவாலயங்களையும் சாத்திவிடுவார்கள். மறுபடி உயிர் வர நாலு மணி ஆகும். ஒரே நாளில் மூன்று ஊர் ஓடுகிறவர் அதில் ஒன்றையாவது சாத்திய கதவுகளோடுதான் பார்த்துவிட்டு வருவார். கோடையில் போவதும் வீண். சிரகூசா பக்கத்தில் 2021 ஆகஸ்ட் 11 அன்று 48.8 டிகிரி வெயில் பதிவானது. ஐரோப்பாவில் இதுவரை பதிவான உச்சம் அதுதான். நான் வேலூர்க்காரன், எனக்கே அது அதிகம். அதனால் எங்கள் பயணமெல்லாம் மார்ச், ஏப்ரல், இல்லாவிட்டால் அக்டோபர்.

பொதுப்பணித்துறையில் கட்டட வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழைய கட்டடத்தின் முன்னால் நிறுத்தினால் மற்றவர்கள் அழகைப் பார்ப்பார்கள், என் கண் விரிசலைத் தேடும். தென்கிழக்கு சிசிலியில் எந்தச் சுவரைப் பற்றிக் கேட்டாலும் பேச்சு ஒரே தேதியில் வந்து நிற்கும்: 1693 ஜனவரி 11. அன்றைய பூகம்பத்தில் ஏறத்தாழ 60,000 பேர் இறந்தார்கள். கத்தானியாவில் மட்டும் ஜனத்தொகையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. இன்று பயணிகள் நின்று படமெடுக்கும் மாளிகைகள், வயிறு தள்ளிய இரும்புக் கம்பி பால்கனிகள், அலை அலையான தேவாலய முகப்புகள் எல்லாம் பெரும்பாலும் அந்த அழிவுக்குப் பின் எழுந்தவை. 2002-ல் யுனெஸ்கோ எட்டு ஊர்களைச் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. பட்டியலில் சேர்த்துப் பார்த்தால் எட்டும் ஒரே கதை போலத் தெரியும். ஒவ்வொன்றிலும் இரண்டு ராத்திரி தூங்கிப் பார்த்தால்தான், ஒரே அடி வாங்கிய ஊர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு முடிவுக்குப் போனது புரியும்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இந்த வயதில் எல்லோருமே ஏதாவது ஒன்றைப் பறிகொடுத்திருப்போம். காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் ஆலோசனை ஆரம்பித்துவிடும். "ஊர் வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடுங்க" என்று ஒருவர். "அவங்க வாழ்ந்த இடத்தை விட்டு எங்கே போவீங்க?" என்று இன்னொருவர். இரண்டு பேரும் பிரியமாகத்தான் சொல்கிறார்கள். என் மனைவி போனபோது எனக்கும் சொன்னார்கள். அதனால் ஒரு ஊர் எங்கே, எப்படி மறுபடி எழுந்தது என்பது எனக்கு வெறும் சரித்திரமாகப் படவில்லை.

நோத்தோ ஒட்டுமொத்தமாக இடம் மாறிய ஊர். பழைய ஊர் அல்வேரியா மலைமேல் இருந்தது. பூகம்பத்துக்குப் பின் மறுகட்டுமானத்துக்கென்று வைஸ்ராய் அனுப்பிய கமாஸ்த்ரா பிரபு, சில கிலோமீட்டர் கீழே ஒரு சரிவைத் தேர்ந்தெடுத்தார். அங்கே கோடு போட்டு நேர்த் தெருக்கள் அமைத்தார்கள். ஜனங்களில் எல்லோருக்கும் சம்மதமில்லை. திரும்ப மலைக்கே போகவேண்டும் என்ற தகராறு வருடக்கணக்கில் நடந்தது. ஆனாலும் புது ஊர்தான் நிலைத்தது. மாலை ஐந்து மணிக்கு மேல் வித்தோரியோ இமானுவேலே தெருவில் கைக்குழந்தை முதல் கைத்தடிக்காரர் வரை எல்லோரும் காலாற நடக்கிறார்கள். நிக்கோலாச்சி மாளிகையின் பால்கனிகளைக் கல் குதிரைகளும் சிங்கங்களும் தாங்கி நிற்கின்றன. இங்கே கிடைக்கும் சுண்ணாம்புக்கல் மிருதுவானது. அதனால்தான் இவ்வளவு செதுக்க முடிந்திருக்கிறது. மழைக்கு அரிப்பதும் அதனால்தான்.

1996 மார்ச் 13 இரவு இந்த ஊர்க் கதீட்ரலின் குவிமாடமும் கூரையின் பெரும்பகுதியும் இடிந்து விழுந்தன. ராத்திரி நேரம் என்பதால் உள்ளே யாரும் இல்லை, ஒருவருக்கும் அடியில்லை. 1990-ல் வந்த இன்னொரு பூகம்பம் கட்டடத்தை ஏற்கெனவே ஆட்டிவிட்டிருந்தது. அதற்கும் முன்பு, 1950-களில், பழைய கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட் கூரை போட்டிருந்தார்கள். விழுந்த பின் தூண்களைப் பார்த்தால் வெளியே பதமாகச் செதுக்கிய கல், உள்ளே கண்டபடி கொட்டிய கற்களும் சல்லியும். என் தொழிலில் இது தெரிந்த விஷயம்தான். மேலே பாரத்தைக் கூட்டும்போது கீழே தூணுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. துக்கம் நடந்த மறு மாதமே "அவர் நல்லாத்தான் இருக்கார்" என்று ஒருவர்மேல் பேரன் பேத்தி பொறுப்பையும் பத்திர வேலையையும் ஏற்றுகிற வீடுகள் எனக்குத் தெரியும். நோத்தோக்காரர்கள் நிதானமாகத் திரும்பக் கட்டினார்கள். பழைய முறையைத் தழுவி, கல்லும் சுண்ணாம்புமாகவே எழுப்பி 2007-ல் திறந்தார்கள். ஒரு தூணைத் தட்டிப் பார்த்தேன். மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கத்தானியா நகரவில்லை. 1669-ல் எட்னாவின் குழம்பு மதில்வரை வந்தது. கடலோரம் நின்ற ஊர்சீனோ கோட்டையைச் சுற்றிக் குழம்பு உறைந்து கடலே தள்ளிப் போய்விட்டது. இருபத்துநாலு வருடத்தில் பூகம்பம். அதே இடத்தில், அந்த எரிமலை துப்பிய கறுப்புக் கல்லை வைத்தே தெரு போட்டார்கள், சுவர் எழுப்பினார்கள். ஊர்ச் சின்னமான யானைச் சிலைகூட அந்தக் கல்தான். இந்த வீம்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் இரண்டு நாளுக்குமேல் அந்த இரைச்சல் ஆகாது. காலையில் ஒரு பாதாம் கிரனீத்தா என்ற ஐஸ் கூழும் அதில் தொட்டுத் தின்ன ஒரு பிரியோஷ் பன்னும் இருந்தால் மன்னித்துவிடலாம்.

சிரகூசாவின் கதை இன்னும் பழையது. அங்கே ஒர்த்தீஜா என்ற குட்டித் தீவில்தான் பழைய நகரம். கதீட்ரலின் பக்கச் சுவரையொட்டி நடந்தால் பெரிய பெரிய கிரேக்கத் தூண்கள் சுவரில் இருந்து புடைத்துக்கொண்டு நிற்கும். கி.மு. 5-ம் நூற்றாண்டில் அதேனா தேவிக்குக் கட்டிய கோயிலின் தூண்கள் அவை. பின்னால் வந்த கிறிஸ்தவர்கள் தூணுக்கும் தூணுக்கும் இடையே சுவர் வைத்து அடைத்தார்கள். கருவறைச் சுவரில் வளைவுகள் வெட்டித் திறந்தார்கள், தேவாலயமாகிவிட்டது. 878-ல் அரபுப் படை ஊரைப் பிடித்தபின் அது பள்ளிவாசலாக இருந்தது, பிறகு மறுபடி தேவாலயம். பூகம்பத்துக்குப் பின் 18-ம் நூற்றாண்டில் ஆந்த்ரேயா பால்மாவின் முகப்பு வந்தது. இவ்வளவு கைமாறியும் அந்தத் தூண்களை யாரும் காட்சிக்கு எடுத்து வைக்கவில்லை, பாரம் தாங்கத்தான் விட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் தாங்குகின்றன. மனைவியின் புடவைகளை பீரோவில் பூட்டி வைக்கிறவர்கள் உண்டு. என் அக்கா தன் மாமியாரின் சுங்குடிப் புடவைகளை வெட்டித் தலையணை உறை தைத்தாள். உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஒர்த்தீஜாவில் நின்றபோது எனக்கு அக்கா பக்கம் பேசத் தோன்றியது.

என்றாலும் எனக்கு மனசுக்கு நெருக்கமான ஊர் ரகூசாதான். அது முடிவே எடுக்காத ஊர். விழுந்த பிறகு ஒரு கூட்டம், மேலே சமவெளி இருக்கிறது, அங்கே அகலமாகத் தெரு போட்டு வாழலாம் என்று ஏறிப் போனது. இன்னொரு கூட்டம், இங்கேதான் பிறந்தோம், இங்கேதான் கட்டுவோம் என்று இடிபாட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. மேலே போனவர்களுக்கு ஸான் ஜொவான்னி தேவாலயம், கீழே இருந்தவர்களுக்கு ஸான் ஜோர்ஜோ. இரண்டு தேவாலயத்தாருக்கும் பூகம்பத்துக்கு முன்பே ஆகாது. 1865-ல் பகை முற்றி இரண்டும் தனித்தனி நகராட்சிகளாகவே பிரிந்தன. 1926-ல்தான் ஒன்றாக்கினார்கள். இன்றும் மேல் ரகூசா வேறு, கீழே இப்லா வேறு. நடுவே நூற்றுக்கணக்கான படிகள்.

இறங்குவது சுலபம். படிக்கட்டு மாதாவின் தேவாலயத்துக்கு அருகே நின்றால் இப்லா முழுக்க ஒரே பார்வையில் தெரியும்: சாம்பல் ஓட்டுக் கூரைகள், அவற்றுக்கு நடுவே ஸான் ஜோர்ஜோவின் நீலக் குவிமாடம். முழங்கால் கேட்டால் அங்கேயே திரும்பிவிடலாம், பஸ்ஸும் இருக்கிறது. நான் இறங்கினேன். வீட்டு வாசலில் சின்ன நாற்காலி போட்டுக் கிழவிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கடையில் ஸ்காச்சா வாங்கினோம். மெல்லிய மாவுத் தகட்டில் தக்காளியும் பாலாடைக்கட்டியும் வைத்துப் பல மடிப்பாக மடித்துச் சுட்டது, நம் வீட்டுப் பிள்ளைகள் பரோட்டா என்றே சொல்வார்கள். கடைக்குள் ரகூசானோ பாலாடைக்கட்டி தொங்கியது. அது உருண்டையாக இருக்காது, பெரிய செங்கல் போலச் சதுரக் கட்டி. ஒரே கயிற்றின் இரு முனையிலும் ஒவ்வொரு கட்டியைக் கட்டி, உத்தரத்தின் இருபுறமும் விழும்படி போட்டிருந்தார்கள். ஒன்றின் பாரம்தான் மற்றதை விழாமல் பிடித்திருந்தது.

மேலே போனவர்கள் செய்தது சரியா, கீழே இருந்தவர்கள் செய்தது சரியா? முந்நூறு வருடம் கழித்து இரண்டு ஊரிலும் விளக்கு எரிகிறது. ஒரே குடும்பத்தில் அண்ணன் துக்கத்தை விட்டு நகர்ந்துவிட, தம்பி நகர மறுத்தால் நாம் உடனே யாராவது ஒருவரைத் திருத்தப் பார்க்கிறோம். நான் பார்த்த பஞ்சாயத்துகளில் பாதி இதுதான். படிக்கட்டு இருந்தால் போதும் என்று இப்போது நினைக்கிறேன். ஏறும்போது அப்படி நினைக்கவில்லை, மூச்சு வாங்கியது.

எல்லா ஊருக்கும் இப்படி அமையவில்லை. தீவின் மேற்கே பெலீச்சே பள்ளத்தாக்கில் 1968 ஜனவரியில் வந்த பூகம்பத்தில் ஜிபெல்லினா தரைமட்டமானது. ஜனங்கள் வருடக்கணக்கில் தற்காலிகக் கொட்டகைகளில் கிடந்தார்கள். பல கிலோமீட்டர் தள்ளி அரசு புது ஊர் கட்டியது. பெரிய பெரிய கலைஞர்கள் வந்து சிற்பங்கள் நட்டார்கள். பழைய ஊரின் இடிபாடுகள்மீது அல்பெர்த்தோ புர்ரி என்ற ஓவியர் வெள்ளை சிமென்ட் கொட்டி மூடினார். பழைய தெருக்கள் அதில் ஆள் உயரத்துக்கு வெடிப்புகளாக ஓடுகின்றன. அதற்குள் நடந்தபோது எனக்குப் பேச வரவில்லை. புது ஊரில் தெருக்கள் மகா அகலம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு காபி குடிக்க ஆளைத் தேட வேண்டியிருந்தது. அந்த ஊரை 2026-க்கான இத்தாலியின் சமகாலக் கலைத் தலைநகராக அறிவித்திருக்கிறார்கள். நல்லது. ஆனாலும் அங்கே வாசலில் நாற்காலி போட்டு உட்காரத் தோன்றுமா என்று வரைபடம் போட்டவர்கள் ஒருமுறை யோசித்திருக்கலாம்.

பலெர்மோவுக்கு ஒரு வார இறுதி போதாது, ஆனால் அதற்கு நான் சொல்லும் யோசனை வேறு. நார்மன் அரண்மனையின் தேவாலயத்தையும் பல்லாரோ சந்தையையும் சனிக்கிழமையே முடித்துக்கொள்ளுங்கள். சந்தையில் பனெல்லே என்று கடலைமாவைத் தட்டிப் பொரித்துத் தருவார்கள், அதையும் விட வேண்டாம். ஞாயிறு காலை பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறுங்கள். 1624-ல் கொள்ளைநோய் வந்தபோது அங்கேதான் புனித ரொசாலியாவின் எலும்புகள் கிடைத்ததாகவும், அவற்றை ஊர்வலமாகக் கொண்டுவந்தபின் நோய் விட்டதாகவும் நம்பிக்கை. கோயில் ஒரு குகைக்குள் இருக்கிறது. பாறையில் ஊறும் தண்ணீர் கும்பிடுகிறவர்கள் தலையில் சொட்டாமல் இருக்க, கூரை நெடுக உலோகத் தகட்டில் வாய்க்கால் போட்டுத் திருப்பியிருக்கிறார்கள். நான் அதைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் தமிழ் கேட்டது. பலெர்மோவில் ஈழத்துத் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கத்தோலிக்கர் மட்டுமில்லை, சைவர்களும் இந்த மலைக்கு நடந்து வந்து ரொசாலியாவைக் கும்பிடுகிறார்கள். வெளியே படியில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார், என் வயது இருக்கும். யாழ்ப்பாணப் பக்கம் என்றார். ஊருக்குப் போவதுண்டா என்று கேட்டேன்.

"போறனான் ஐயா. வீடு கிடக்கு. கூரை இல்லை. விக்கச் சொல்லுறாள் மகள், திருத்தச் சொல்லுறான் மகன். நான் ரெண்டும் செய்யேல்லை." சிரித்தார். "உங்கட வீடு?"

"பூட்டி வச்சிருக்கேன். மனைவி போனதுல இருந்து."

"திறப்பு ஆரிட்டை?"

"சாவி பக்கத்து வீட்டுல இருக்கு. வாரம் ஒரு தடவை திறந்து ஜன்னலை விரிச்சு வைப்பாங்க. கொல்லையில மாமரம் இருக்கு, காய்ச்சா அவங்களே எடுத்துக்குவாங்க."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, கீழே போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று மகனிடம் கேட்கப் போனார்.